நாக்கில் பல்லி விழுந்த பலன்

2006ஆம் ஆண்டு ஆவணி மாதம் மூன்றாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்காலுக்கும் பதினொன்றுக்கும் நடுவில், காரைக்காலில் நீலாயதாட்சி அம்மாள் வீட்டுக் கிணறு தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு நகர்ந்து போனது. கைப்பிடிச் சுவர், இரும்பு ராட்டினம், தேய்ந்த கயிறு, கயிற்றில் கட்டிய பச்சை பிளாஸ்டிக் வாளி எல்லாம் கூடவே போயின. சத்தம் எதுவும் கேட்கவில்லை. அன்று மார்க்கெட்டில் நெத்திலி கிலோ முப்பது ரூபாய்க்குப் போனது, மின்சாரம் இரண்டு முறை நின்று வந்தது, கிணறு இடம் மாறியது. வீடு பார்க்க வந்திருந்த சிதம்பரநாதன் வாஸ்து பார்ப்பவர். கூடத்தில் நின்றபடியே "கிணறு எந்த மூலை?" என்று கேட்டார். வீட்டைக் காட்டிக்கொண்டிருந்த தரகர் மருதையனுக்குப் பிறந்ததிலிருந்தே திசை பிடிபட்டதில்லை. சூரியன் உதிக்கும்போது பார்த்தால்கூட இது கிழக்குதானா என்று யாரையாவது கேட்டுக்கொள்வான். ஆனால் தரகன் யோசித்துப் பதில் சொன்னால் வியாபாரம் கெட்டுவிடும் என்பதால், "ஈசானிய மூலைங்க, அளந்து வச்ச மாதிரி" என்று அடித்துவிட்டான். திருத்துவதற்காக வாயெடுத்த நீலாயதாட்சி அம்மாள், கொல்லைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கிணறு அவன் சொன்ன இடத்தில் இருந்தது. பழைய இடத்தில் துணி துவைக்கும் கல் மட்டும் தனியாகக் கிடந்தது.

மருதையன் அந்தத் தொழிலில் இருபது வருடம் குப்பை கொட்டியவன். அவன் வாயிலிருந்து வரும் சொற்களுக்குத் தனி அகராதி போட வேண்டும். "நடந்து போற தூரம்" என்றால் நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பொருள். "காத்தோட்டமான வீடு" என்றால் நாலு ஓடு பறந்திருக்கிறது. "அமைதியான இடம்" என்றால் சுடுகாட்டுக்கு அடுத்த மனை. விற்பவரிடம் போய் "இந்த வீட்டு விஷயத்துல நான் உங்க ஆளுங்க" என்பான். அரை மணி நேரம் கழித்து வாங்குபவரிடமும் குரலைத் தாழ்த்தி அதையே சொல்வான். இரண்டு பக்கமும் கமிஷன். இதில் தப்பு ஏதாவது இருப்பதாக அவனுக்குத் தோன்றியதில்லை. கல்யாணத் தரகர் பெண் வீட்டிலும் சாப்பிடுகிறார், மாப்பிள்ளை வீட்டிலும் சாப்பிடுகிறார், அவரை யாரும் கேட்டார்களா என்பது அவன் வாதம். அந்த வருடம் துறைமுகம் வரப்போகிறது என்ற பேச்சில் மனை விலை தினமும் காலையில் எழுந்து ஒரு படி ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிக்கடைக்காரரும் பால்காரரும்கூடத் தரகராகியிருந்தார்கள். இத்தனை பேருக்கு நடுவில் பிழைக்க வேண்டுமென்றால் நாக்குதான் மூலதனம், அது மருதையனிடம் போதுமான அளவுக்கு மேலேயே இருந்தது.

அந்த நாக்கில்தான், கிணறு நகர்வதற்கு நான்கு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, பஸ் ஸ்டாண்டு அருகில் நூகு டீக்கடையில், பல்லி விழுந்தது. அவன் செல்போனில் ஒரு ஆளிடம், "பக்கத்துலதான் வந்துட்டே இருக்கேன், அஞ்சே..." என்று சொல்லிக்கொண்டிருந்தான். 'நிமிஷம்' என்பதற்குள் கூரையிலிருந்து பல்லி நேராக வாய்க்குள் விழுந்து, நாக்கின் மேல் ஒரு கணம் நின்று, யோசித்து, வெளியே குதித்து ஓடிவிட்டது. நூகு வெந்நீர் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தார்கள். அதில் தலைக்குப் பலன் இருந்தது, தோளுக்கு இருந்தது, மேல் உதட்டுக்கும் கீழ் உதட்டுக்கும் தனித்தனியாகப் போட்டிருந்தது. நாக்குக்குப் போடவில்லை. பஞ்சாங்கம் எழுதியவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் போலும். செய்தி கேட்ட மருதையன் மனைவி பூங்கொடி, "ஒங்க நாக்குல சனி ஏறிட்டான்" என்றாள். அதற்கு அவன், சனிக்குத் திருநள்ளாற்றில் சொந்த இடம், நல்ல இடம், தெற்கு வடக்கு எல்லாம் பொருந்திய இடம் இருக்கும்போது என் நாக்கில் வந்து ஏன் வாடகைக்கு இருக்கப் போகிறார் என்று பதில் சொன்னான். தொழில் புத்தி அப்படி.

கிணறு நகர்ந்த பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளே பூவத்தில் ஒரு வீட்டைக் காட்டி "கதவெல்லாம் தேக்குங்க" என்று சொல்லிப் பார்த்தான். ஒட்டுப்பலகைக் கதவுகள் கனத்துத் தேக்காயின, ஐப்பசி மழையில் இரண்டு கதவு துளிர்கூட விட்டது. அம்பகரத்தூரில் ஒரு மனையைக் காட்டி "பஸ்சு வாசல்லயே நிக்கும்" என்றான். அன்று முதல் காரைக்கால் பஸ் அந்த வெறும் பொட்டல் முன்னால் நின்று போனது. டிரைவரைக் கேட்டால் பிரேக் தானாகப் பிடிக்கிறது என்றார், பணிமனையில் இரண்டு முறை கழற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். ஆனால் வீடு, மனை விஷயத்தில் மட்டும்தான் இது பலித்தது. பூங்கொடியிடம் அஞ்சு நிமிஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வந்தான்.

இப்போது நீலாயதாட்சி அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடு அவருடையது, அவசரமும் அவருடையது. ஏழு அறை வீட்டில் அவர் ஒற்றை ஆள். கணவர் போய் ஆறு வருடமாகிறது. மகள் பாரதிப்ரியா கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள். சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தால் முடிப்பதற்குள் சீரியல் பாதி போய்விடும். பேசுவதற்கு ஆளில்லாமல் குரல் துருப்பிடித்துவிடக் கூடாது என்று தினமும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து அச்சகத்தார் முகவரி வரைக்கும் வாய்விட்டுப் படிப்பார். திருமலைராயன்பட்டினத்தில் தங்கை ராஜம் வீட்டை ஒட்டி, ஒரே சுவர், இரண்டு அறை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. அதன் சொந்தக்காரர் தை மாதக் கடைசி வரைக்கும் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் இதை விற்றாக வேண்டும். விட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும், இவர் இந்த ஏழு அறைக்குள்ளேயே செய்தித்தாள் படித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

விற்பதற்கு இன்னொரு கையெழுத்தும் வேண்டியிருந்தது. வீட்டில் பாதி, கணவரின் தம்பி செந்தில்குமாருக்குப் பாத்தியம். அவர் மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார். ஆனால் அண்ணியுடன் பேசிப் பதினொரு வருடமாகியிருந்தது. பாரதிப்ரியா கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரிக்குக் கீழே அச்சுக்கோத்தவர் கடைசிப் புள்ளிக்குப் பதில் ஒரு மேல்விலங்கைப் போட்டு 'செந்தில்குமாரி' என்று அடித்துவிட்டார். ஐநூறு பத்திரிகையும் ஊருக்குப் போன பிறகுதான் பார்த்தார்கள். ஆபீசில் ஒரு மாதம் அவரை எல்லோரும் 'வாங்க மேடம்' என்றார்கள். மனுஷன் கல்யாணத்துக்கு வந்தார், மொய் எழுதினார், சாப்பிட்டார், பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணன் சாவுக்குக்கூட வந்து தூணைப் பார்த்துத்தான் துக்கம் விசாரித்தார். இப்போது வீட்டு விஷயம் பேச வந்தாலும் அண்ணிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்துகொண்டு மருதையனிடம், "கையெழுத்துப் போடறேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பார். மருதையன் திரும்பி, "போடறாராம்மா" என்பான். அம்மாள், "எனக்குக் காது கேக்குது" என்பார்.

அந்தப் புரட்டாசியில் பாண்டிச்சேரி சட்டப்படி புதுச்சேரியானது. அதே மாதத்தில் மருதையன் நீலாயதாட்சி அம்மாள் வீட்டை மாளிகையாக்கிக்கொண்டிருந்தான். ஆள் ஆளாகக் கூட்டி வந்து, "கிணத்துத் தண்ணி கல்கண்டுங்க" என்றான். தண்ணீர் இனித்தது. எறும்புகள் கைப்பிடிச் சுவரில் வரிசை கட்டின, அம்மாள் எவ்வளவு உப்புப் போட்டாலும் ரசம் பாயசமாகவே வந்தது. "கடல் காத்து நேரா சமையக்கட்டுக்கு வரும்" என்றான். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கடல் காற்று வேறு எங்கும் திரும்பாமல் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனது. "கூடம் ஜில்லுனு இருக்கும்" என்றான், அம்மாள் பகலில் சால்வை போர்த்திக்கொண்டு செய்தித்தாள் படித்தார். விலை ஏறியது. மருதையனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாள் மட்டும் "துவைக்கிற கல்லு அங்க, கிணறு இங்க. நடந்து நடந்து கால் போவுது" என்று முணுமுணுத்தார். கேள்விப்பட்டு வந்த செந்தில்குமார் இனிக்கிற தண்ணீரைக் குடித்தார், ஜில்லென்ற கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தார், பிறகு தூணைப் பார்த்து, "இப்பேர்ப்பட்ட வீட்டை எந்த மடையனாவது விப்பானா? கையெழுத்துக் கிடையாதுன்னு சொல்லிடுங்க" என்று எழுந்து போய்விட்டார். மருதையன் திரும்பிப் பார்த்தபோது அம்மாள் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்திருந்தார். கண் கலங்கியிருந்தது. வாயைக் கொடுத்து ஒரு மனுஷியின் பிழைப்பைக் கெடுத்துவிட்டோம் என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

இந்தச் சமயம் பார்த்துத்தான் சிதம்பரநாதன் அவனை நூகு கடைக்கு வரச் சொன்னார். அன்று கிணறு ஒரு மூலையிலும் துவைக்கும் கல் ஒரு மூலையிலும் இருந்ததைப் பார்த்தே மருதையன் நாக்கின் சங்கதியைப் புரிந்துகொண்டவர் அவர். வாஸ்து பார்க்கிறவருக்குக் கணக்கும் தெரியும். ஏற்கெனவே மூன்று வீடு வாங்கிப் பூட்டி வைத்திருந்தார்.

"நல்லதுதான் சொல்லணும்னு உங்க நாக்குக்கு ஏதாவது சத்தியமா?" என்று ஆரம்பித்தார். "மேற்குச் செவுத்துல விரிசல் இருக்குன்னு அந்தம்மா காதுல போட்டு வைங்க. விரிசல் வுட்டா வெல தன்னால எறங்கிடும். தம்பிகாரனும் பயந்துகிட்டுக் கையெழுத்தைப் போட்டுடுவான். நான் வாங்குன மறுநாளு வந்து, விரிசல் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடுங்க. செவுரு சேந்துக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? உங்களுக்கு மூணு பங்கு கமிஷன்."

யோசித்துப் பார்த்தால் இதில் பழுதே தெரியவில்லை. வீடு விற்றுவிடும், அம்மாள் தங்கை பக்கத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார், சுவரும் பிழைத்துக்கொள்ளும். விலைதான் பாதியாகும், அந்தப் பாதியில் திருமலைராயன்பட்டினத்து வீடு வருமா என்பதை மருதையன் வேண்டுமென்றே கணக்குப் பார்க்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். அம்மாள் அவனுக்கு மோர் கொடுத்தார். மோரும் இனித்தது.

"இன்னிக்குப் பேசறதுக்கு நீங்கதான் மொத ஆளு" என்றார் அம்மாள். "தை கடைசிக்கு இன்னும் மூணு மாசந்தான் இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியல மருதையா. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

மருதையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேற்குச் செவுத்துல..." என்று தொடங்கினான். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. மூன்று முறை முயன்றான். மூன்றாவது முறை, அவன் கூப்பிடாமலே, "ஒண்ணும் இல்லீங்கம்மா. விரிசல் இருக்குன்னு சொல்லச் சொல்லி ஒருத்தரு காசு தர்றேன்னாரு" என்று வெளியே வந்து விழுந்தது. சொல்லிவிட்டு அவனே திகைத்து உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் ஞாபகம் வந்தது. பல்லி விழுந்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, இதே கூடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, வழக்கமாக எல்லோரிடமும் விடுகிற கதையை இந்த அம்மாளிடமும் விட்டிருந்தான்: "இந்த வீட்டு விஷயத்துல நான் உங்க ஆளுங்க." அதுவும் பலித்துவிட்டிருந்தது. கிணறு நகர்ந்த மாதிரி அவனும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தான், சத்தமில்லாமல். அவன் நாணயம் உண்மையிலேயே அவனுடையதா, பல்லியுடையதா என்று காரைக்காலில் இன்னும் இரண்டு கட்சி உண்டு.

அம்மாள் கோபப்படவில்லை. டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "அப்ப இல்லாததைச் சொல்ல வேணாம். இருக்கறதைச் சொல்லுங்க" என்றார். மருதையனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. வீட்டை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தபடி அறை அறையாக நடந்தான், அம்மாள் பின்னாலேயே வந்தார். "கெணறு தென்மேற்குலதான்" என்றான். முதல் உண்மைக்கு விக்கல் எடுத்தது. கொல்லையில் கிணறு தன் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. "தண்ணி சப்புன்னு இருக்கும், கோடையில கொஞ்சம் கலங்கும்." எறும்புகள் கலைந்தன. "சமையக்கட்டுல காத்து வராது, பொகை நிக்கும்." அடுப்பு நிமிர்ந்து எரிந்தது. "நடு ரூம்பு மழைக்கு ரெண்டு எடத்துல ஒழுவும்" என்றபோது அம்மாள் குறுக்கிட்டு, "மூணு எடம். சரியாச் சொல்லுங்க, அப்புறம் அந்த மூணாவது எடம் ஒழுவாமப் போயிடப் போவுது" என்றார். மூலப் பத்திரம் பிரெஞ்சில் இருப்பதையும், மாடிப்படியில் ஏழாவது படி உயரம் கூடுதல் என்பதையும், ஐப்பசியில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்பதையும் சொல்லி முடித்தபோது வீடு பழையபடி வீடாகியிருந்தது. அம்மாள் சால்வையைக் கழற்றி மடித்தார். சிதம்பரநாதனிடம் மருதையன் அன்றே போய் முடியாது என்று சொன்னான். அவர் வேறு தரகரைப் பார்த்துக்கொண்டார்.

அதன் பிறகு மருதையன் சட்டைப் பையில் டேப் வைத்துக்கொண்டான், காந்த ஊசி ஒன்று வாங்கிக்கொண்டான். அளக்காமல் வாயைத் திறப்பதில்லை. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்தான் கமிஷன் என்று வைத்துக்கொண்டான், ஏனென்றால் இன்னொரு பக்கமும் போய் 'உங்க ஆளு' என்று சொன்னால் தான் நடுவில் கிழிந்துவிடுவோம் என்ற பயம். பூங்கொடி சந்தோஷப்படவில்லை. சக தரகர்கள் சிரித்தார்கள். வீடு பார்க்க வந்தவர்களிடம் குறைகளை முதலில் ஒப்பித்தான், கார்த்திகை முழுக்க ஒருவரும் திரும்பி வரவில்லை.

மார்கழியில் ஆஸியா பீவி வந்தார். மூன்று மருமகள்கள், எட்டுப் பேரப்பிள்ளைகள், அதற்கு ஏற்ற குரல். மருதையன் வாயைத் திறப்பதற்கு முன்பே, "நல்லதெல்லாம் நான் பாத்துக்குறேன் தம்பி, கொறைய மட்டும் சொல்லு" என்றார். அவன் ஒன்று விடாமல் சொன்னான். அவர் விரல் விட்டு எண்ணினார். "ஒழுவுறது மூணு எடம், மவன் மூணு பேரு. ஆளுக்கு ஒண்ணு அடைச்சுக்குவானுவ" என்றார். விலையைக் கேட்டார், அம்மாள் சொன்ன நியாயமான விலையில் பேரம் பேசாமல், "குறைச்சுக் கேக்க நீ எடமே வைக்கலியே" என்று மருதையனைத்தான் கடிந்துகொண்டார். செந்தில்குமார் வந்து பார்த்தார். சப்பென்ற தண்ணீரைக் குடித்தார், ஒழுகும் இடத்தைப் பார்த்தார், ஏழாவது படியில் சிறுவயதில் தடுக்கி விழுந்த அதே இடத்தில் தடுக்கினார். "பழைய வீடாவே ஆயிடுச்சு. போடறேன்னு சொல்லுங்க" என்று தூணிடம் சொன்னார். போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்ததை மருதையன் கவனித்தான். அந்த மனுஷன் ஆபீஸ் போக நேர் வழி இருக்கும்போது தினமும் இந்தத் தெரு வழியாகவே சுற்றிக்கொண்டு போகிறார் என்பதும், ராத்திரி விளக்கெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்பதும் அவனுக்கு நூகு சொல்லித்தான் தெரியும்.

தை மாதம் முடிய இரண்டு நாள் இருந்தபோது பத்திரப் பதிவுக்குப் போனார்கள். ஆஸியா பீவி மூன்று மகன்களோடு வந்திருந்தார். நீலாயதாட்சி அம்மாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெஞ்சின் ஒரு கோடியில் உட்கார்ந்தார். செந்தில்குமார் மறுகோடியில், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, மூடியைத் திறக்காமல் இருந்தார். கால் மணி நேரமாயிற்று. யாரோ கேட்டதற்குச் சுவரைப் பார்த்து, "போட்டா முடிஞ்சிருது" என்றார். என்ன முடிந்துவிடும் என்று சொல்லவில்லை. திருமலைராயன்பட்டினத்துக்காரர் இன்னொரு ஆளை மாசி முதல் தேதிக்கு வரச் சொல்லியிருந்தார். அம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. ஆனாலும் அவருக்குச் சாட்சியை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பழக்கம். தலையைத் தூக்காமல், "என்னய்யா, வீட்டுல வில்லங்கம் ஏதும் உண்டா?" என்றார்.

சாட்சி மருதையன்தான். ஐப்பசிக்குப் பிறகு அவன் வீட்டு விஷயத்தில் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காகிதத்தில் வில்லங்கம் இல்லை என்பது உண்மை. ஆனால் வீட்டில் வில்லங்கம் இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பெஞ்சின் மறுகோடியில், மூடிய பேனாவோடு, பதினொரு வருடமாக உட்கார்ந்திருந்தது. உள்ளதைச் சொன்னால் பத்திரம் திரும்பிவிடும். அவன் அம்மாளைப் பார்த்தான். அவர் அவனைப் பார்க்கவில்லை, பெஞ்சின் அந்தக் கோடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மருதையன் தெரிந்தே, முழு மனதோடு, பொய் சொன்னான்.

"ஒரு வில்லங்கமும் இல்லீங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் எழுதி முடிப்பதற்குள் அது பொய்யாக இல்லாமல் போய்விட்டது. செந்தில்குமார் பேனாவைத் திறந்தார், காட்டிய இடங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டார், மூடினார், எழுந்து போய் பெஞ்சின் இந்தக் கோடியில் உட்கார்ந்தார்.

"அண்ணி" என்றார். "பட்டினத்துல தண்ணி உப்பா இருக்குமே. என்ன பண்ணப் போறீங்க?"

நீலாயதாட்சி அம்மாள் முந்தானையை விட்டுவிட்டார். குரல் கொஞ்சமும் துருப்பிடிக்காமல் வந்தது. "உப்புதான். ஞாயித்துக்கிழமை வந்து நீயே குடிச்சுப் பாரு."

அவர் எந்த பஸ் என்று கேட்டார். இவர் சொன்னார். மூட்டுவலி எப்படியிருக்கிறது என்று அவர் கேட்டார், பையன் எந்த வகுப்பு என்று இவர் கேட்டார். பையன் காலேஜ் முடித்திருந்தான். பதினொரு வருடத்துப் பேச்சு, ஒருவர் முடிக்க இடைவெளி விடாமல் இன்னொருவர் ஆரம்பித்தார். ஆஸியா பீவி சத்தமே இல்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி அடுத்த பத்திரத்தைக் கையில் எடுத்துக் காத்துப் பார்த்தார். கடைசியில் பியூன் வந்து, "பேசறதா இருந்தா வெளிய போயிப் பேசுங்க, மத்தவங்களுக்கும் பதிவு இருக்குல்ல" என்றார். சரியென்று இரண்டு பேரும் எழுந்து, பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.